குடும்பத்தோடு வெளி மாநிலம் போகும் முன் போட வேண்டிய கணக்கு

(கூட்டமைப்பு விழாவில் கொண்டப்பநாயக்கன்பட்டி குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முதலில் "சேமிப்பின் அவசியம்" என்றுதான் தலைப்பு கொடுத்தாங்க. அதை நாம வாராவாரம் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கோம், மேடையில ஏறி நான் புதுசா என்ன சொல்றது? அதனால தலைவி அக்காகிட்ட கேட்டு மாத்திக்கிட்டேன். இப்போ நம்ம வீடுகள்ல அடிக்கடி நடக்கிற பேச்சு ஒண்ணு இருக்குது. "பெங்களூர் போயிடலாமா?" அதைப் பத்திப் பேசறேன். எங்க தெருவிலேயே மூணு வீடு பூட்டிக் கிடக்குது. ரெண்டு குடும்பம் பெங்களூர், ஒண்ணு கேரளா. எங்க வீட்டிலேயும் போன வருஷம் இந்தப் பேச்சு வந்தது. நாங்க போட்ட கணக்கைத்தான் அப்படியே உங்க முன்னாடி வைக்கிறேன்.

எங்க வீட்டுக்காரருக்குக் கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை. இங்கே சேலத்தைச் சுத்தி வேலை கிடைச்சா ஒரு நாளைக்கு 850 ரூபாய். மாசத்துக்கு 20 நாள்னு வச்சுக்குவோம், 17,000. பெங்களூர் மேஸ்திரி ஒருத்தர் 1,200 தர்றேன், மாசம் 24 நாள் வேலை நிச்சயம்னார். 28,800 ஆச்சு. ஆக, மாசம் 11,800 கூடுதல். அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போதே வீட்டுக்காரர் முடிவு பண்ணிட்டார். அடுத்த மாசமே கிளம்பலாம், பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கிடுன்னார்.

தப்பே இல்லைங்க, ஆம்பளைங்க அப்படித்தான் பார்ப்பாங்க. கூலி இவ்வளவு, வாடகை இவ்வளவு, கழிச்சா மிச்சம். ஆனா வீட்டுக்குள்ள காசாகவே கண்ணில் படாம வந்து சேர்றது எவ்வளவுன்னு நமக்குத்தான் தெரியும். நான் கூட்டம் முடிஞ்சு வந்து, நம்ம குழு வரவு செலவு எழுதற மாதிரியே, காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பிச்சேன்.

முதல்ல வாடகை. இங்கே எங்களுக்குச் சொந்த வீடு, சின்னதுதான், ஆனா வாடகை இல்லை. அங்கே ஒரு ஹால், ஒரு சமையல் ரூம் உள்ள வீட்டுக்கு 8,000 சொன்னாங்க, அட்வான்ஸ் 60,000. பெங்களூர்ல பத்து மாச வாடகையை அட்வான்ஸா கேட்கிற பழக்கம் பழையது. இப்போ சிலர் குறைச்சு வாங்கறாங்க. காலி பண்ணும்போது பெயிண்ட் அடிக்கன்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்குவாங்கன்னு நாத்தனார் சொன்னாங்க. அந்த 60,000-க்கு என் நகையைத்தான் வைக்கணும். அதுக்கு மாச வட்டி 600-ன்னு எழுதினேன்.

அடுத்தது மாடு. நம்ம குழுக் கடன்ல வாங்கின மாடு. பால் சொசைட்டிக்கு ஊத்தி, தீவனம் தவிடு எல்லாம் போக மாசம் 3,000 நிக்குது. இது என் கைக்கு வர்ற காசு. வித்துட்டுப் போனா அந்த 3,000 நின்னுடும். கூலி கூடுதல்னு சொல்றவங்க இந்த வரவைக் கழிக்கவே மாட்டாங்க.

பிறகு ரேஷன். இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், ஏன்னா இதுலதான் நிறையப் பேருக்குக் குழப்பம். "ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டுன்னு வந்துடுச்சே, எங்கே போனாலும் வாங்கலாமே"ன்னு சொல்வாங்க. அந்தத் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் நடக்குது, உண்மைதான். ஆனா நம்ம ஸ்மார்ட் கார்டை எடுத்து அதில் என்ன குறியீடு போட்டிருக்குதுன்னு பாருங்க. பி.எச்.எச். என்று மூணு எழுத்து மட்டும் இருந்தா, இல்லை அந்தியோதயா கார்டா இருந்தா, அது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருது. வெளி மாநிலக் கடையிலும் கைரேகை வச்சு அரிசி வாங்கலாம். முன்னாடி இன்னொரு எழுத்து சேர்ந்து என்.பி.எச்.எச்.னு இருந்தா, அது நம்ம மாநில அரசு தன் செலவில் கொடுக்கிறது. ஓசூர் தாண்டினா அந்தக் கார்டுக்கு ஒண்ணும் கிடையாது. என் கார்டு என்.பி.எச்.எச்.தான். பி.எச்.எச். கார்டு வச்சிருக்கிறவங்களுக்கும் அங்கே கிடைக்கிறது தானியம் மட்டும்தான். 30 ரூபாய்ப் பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் தமிழ்நாடு கொடுக்கிறது, அது கூட வராது.

எங்க வீட்டுக்கு மாசம் 20 கிலோ அரிசி விலையில்லாம வருது. கடையில் வாங்கினா கிலோ 45-ன்னு வச்சாலும் 900. பருப்பில் 110, எண்ணெயில் 95, சர்க்கரை 2 கிலோவில் 40. கூட்டினா 1,145. கோதுமை வர்ற மாசமும் உண்டு, அதனால 1,200-ன்னு எழுதினேன்.

உரிமைத் தொகை 1,000. 2023 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்ச நாள் முதல் எனக்கு வருது. கார்டை அங்கே மாத்தினா இது நிக்கும். "அங்கேயும் தர்றாங்களே, 2,000 தர்றாங்களே"ன்னு நீங்க கேட்கலாம். ஆமாம், கர்நாடகாவில் கிருஹலட்சுமின்னு 2023 ஆகஸ்டிலிருந்து குடும்பத் தலைவிக்கு 2,000. பெண்களுக்கு பஸ் இலவசம், அது 2023 ஜூன் 11-ல வந்தது. வீட்டுக் கரண்ட் 200 யூனிட் வரைக்கும் முந்தின உபயோகத்தைப் பார்த்து இலவசம். நம்மளைவிடக் குறைச்சல்னு சொல்ல முடியாது. ஆனா எல்லாமே அந்த மாநிலத்து ஆளுங்களுக்கு. பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போகணும்னாலே அந்த மாநில முகவரி போட்ட அடையாள அட்டையைக் காட்டணும். 2,000 வேணும்னா அங்கத்து ரேஷன் கார்டு வேணும். அதுக்கு இங்கே பேரை நீக்கின சான்று, வாடகை ஒப்பந்தம், ஆதார்ல முகவரி மாத்தறதுன்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணு. வீட்டுக்காரர் ஒப்பந்தமே எழுதித் தரமாட்டேன்னா அங்கேயே நின்னு போச்சு. ஆதார் ஒண்ணுதானே, ரெண்டு பக்கமும் கார்டு வச்சுக்க முடியாது.

இங்கே நின்னு, அங்கே இன்னும் வராம இருக்கிற மாசங்கள் இருக்குது பாருங்க, அதுதான் ரொம்ப செலவு பிடிக்கிற காலம். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ. அட்வான்ஸ் கொடுத்து கையில் காசு இல்லாத நேரமும் அதேதான். அந்தக் காலத்தை எதை வச்சு ஓட்டறதுன்னு யாரும் கேட்கிறதில்லை. கடைசியில் அது நம்ம கழுத்துச் சங்கிலியில்தான் வந்து நிக்கும்.

தண்ணிக்கு 600 போட்டேன். நமக்கு மேட்டூர்த் தண்ணி வருது. அங்கேயும் அதே காவிரிதான், நூறு கிலோமீட்டருக்கு மேடேத்திக் கொண்டு போறாங்க. ஊர் ஓரத்துப் பகுதிகள்ல போர்வெல், லாரித் தண்ணிதான். 2024 மார்ச்சில் அங்கே தண்ணிப் பஞ்சம் வந்தப்போ, 12,000 லிட்டர் லாரிக்கு 5 கிலோமீட்டருக்குள்ள 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாதுன்னு அரசாங்கமே விலை வைக்க வேண்டி வந்தது. நம்ம போர்வெல் வண்டிக்காரங்க எல்லா மாநிலமும் போய்ப் போட்டும் அந்த ஊருக்குத் தண்ணி எட்டலை.

அத்தை வரமாட்டேன்னுட்டாங்க. அவங்களுக்கு இங்கே முதியோர் உதவித் தொகை 1,200 வருது, சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை வாங்கறாங்க, மொழி தெரிஞ்ச ஊர். அவங்க இங்கே இருந்தா ரெண்டு அடுப்பு எரியணும். அதுக்கு 1,500. மாசம் ஒரு தடவை நாங்க வந்து பார்த்துட்டுப் போக 1,500.

இப்போ கூட்டுங்க. வாடகை 8,000, மாடு 3,000, ரேஷன் 1,200, உரிமைத் தொகை 1,000, தண்ணி 600, அத்தைக்கு 1,500, போக்குவரத்து 1,500, நகை வட்டி 600. மொத்தம் 17,400. கூடுதலா வர்றது 11,800. 5,600 துண்டு விழுது.

நானும் அங்கே வேலைக்குப் போகணும், வேற வழியில்லை. ரெண்டு வீட்டில் சமையல் வேலை பார்த்தா 8,000 கிடைக்கும்னாங்க. அப்போ 2,400 மிச்சம். வீட்டுக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். முதல்ல "இதெல்லாம் ஒரு கணக்கா"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே பேனா எடுத்து ஒரு வரியைத் திருத்தினார். 24 நாள்னு மேஸ்திரி சொல்வான், மழைக்காலம், சிமெண்ட் வராத நாள் எல்லாம் போனா 22 தான் தேறும்னார். ரெண்டு நாள் கூலி 2,400. மிச்சமும் போச்சு.

பிள்ளைங்க படிப்பை அந்தத் தாளில் எழுத முடியலை, அதுக்குத் தனித்தாள் போட்டேன். பொண்ணு எட்டாவது, பையன் நாலாவது, ரெண்டு பேரும் அரசுப் பள்ளி. பையனுக்குக் காலை உணவும் மதியச் சாப்பாடும் முட்டையும் பள்ளியிலேயே ஆகுது. பொண்ணு விஷயம்தான் பெருசு. புதுமைப் பெண் திட்டத்தில் காலேஜ் படிக்கும்போது மாசம் 1,000 வரணும்னா, ஆறாவது முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியம் படிச்சவங்களையும் பிறகு சேர்த்திருக்காங்க. டாக்டர் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல வந்தது, அடுத்த வருஷம் இன்ஜினியரிங், விவசாயப் படிப்புக்கெல்லாம் வந்தது. அதுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான் கணக்கு. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தா கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசு கட்டுது. நடுவில் ரெண்டு வருஷம் வெளி மாநிலத்தில் படிச்சா இது அத்தனையும் அறுந்து போகும். திரும்பி வந்து சேர்த்தாலும் ஒட்டாது.

அங்கே பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிச்சே ஆகணும், 2015-லேயே சட்டம் போட்டிருக்காங்க. நாமளும் 2006-ல தமிழுக்குச் சட்டம் போட்டவங்கதான், அதனால குறை சொல்ல ஒண்ணும் இல்லை. ஒண்ணாவது சேர்ற குழந்தைக்கு அது விளையாட்டு. எட்டாவது படிக்கிற பொண்ணு போய் உக்காந்து புதுசா எழுத்துக் கூட்டினா பத்தாவது பரீட்சையில என்ன எழுதுவா? இன்னொண்ணு, சாதிச் சான்றிதழ். நம்ம மாநிலப் பட்டியலை வச்சு வாங்கின சான்றிதழுக்கு அங்கத்து மாநில அரசு வேலையிலும் காலேஜிலும் இட ஒதுக்கீடு கிடைக்காது.

இதைக் கேட்டுட்டு "அப்போ யாரும் போகவே கூடாதா"ன்னு நினைக்காதீங்க. எங்க நாத்தனார் குடும்பம் போய்ப் பன்னிரண்டு வருஷமாச்சு, நல்லா இருக்காங்க. அவங்க போகும்போது இங்கேயும் வாடகை வீடுதான். காடு கழனி கிடையாது. பெரிய குழந்தைக்கு மூணு வயசு. போன நாளிலிருந்து புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் வேலை. பிள்ளைங்க கன்னடத்தில்தான் ஆரம்பிச்சாங்க, வீட்டில் தமிழ். அங்கேயே கார்டு, அங்கேயே ஓட்டு. அவங்க அன்னைக்கு என் மாதிரி கணக்குப் போட்டிருந்தாலும் போகலாம்னுதான் வந்திருக்கும்.

எங்க சித்தி மகள் வேற மாதிரி செஞ்சாள். வேலை கர்நாடகா, வீடு தமிழ்நாடு. ஓசூரில் குடியிருந்துக்கிட்டு அவ புருஷன் தினமும் பொம்மசந்திரா கம்பெனிக்குப் போய் வர்றார். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினா கொஞ்ச தூரம்தான். கார்டு மாத்தலை, உரிமைத் தொகை நிக்கலை, ரேஷன் ஓசூர்க் கடையிலேயே வாங்கறா, பிள்ளைங்க தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. ஓசூர் வாடகையும் இப்போ ஏறிப் போச்சு, தினமும் பஸ்ஸில் நசுங்கணும். ஆனாலும் நான் கேட்ட வழிகள்லேயே இதுதான் கெட்டிக்காரத்தனமா பட்டுது. கம்பி கட்டுற வேலைக்கு இது ஒத்து வராது. இன்னைக்கு எலகங்கா, நாளைக்கு வேற மூலைன்னு சைட் மாறிக்கிட்டே இருக்கும்.

இன்னொரு வரி, இது பெரியவங்க சொல்லிச் சேர்த்தது. திரும்பி வர்ற காசு. 1991-ல காவிரிக் கலவரத்தில் பெங்களூர்லிருந்து கட்டின துணியோட வந்தவங்களை நம்ம ஊர்ல பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2016 செப்டம்பர் 12-ல நம்ம சேலத்து கே.பி.என். பஸ்கள் அங்கே வரிசையா எரிஞ்சதை நாமளே டிவியில பார்த்தோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு எல்லாத்தையும் மூடினப்போ, கையில் காசு இருந்தவங்க எப்படியோ வந்தாங்க, இல்லாதவங்க அங்கேயே மாட்டினாங்க. குடும்பத்தோட போறவங்க ஒரு 10,000 ரூபாயை எதுக்கும் தொடாம இங்கே நம்ம ஊர் பேங்கில் போட்டு வச்சுட்டுப் போகணும். நம்ம நாமக்கல் கோழிப் பண்ணைகள்ல குடும்பத்தோட வந்து வேலை பார்க்கிற வடக்கத்திக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அவங்களும் இதே பயத்தோடதான் இருக்காங்க.

இனி நம்ம குழு விஷயம். பேங்க் கணக்கை எந்த ஊருக்கும் மாத்திக்கலாம், குழுவை மாத்த முடியாது. 1989-ல தருமபுரியில் ஆரம்பிச்சு அடுத்து நம்ம சேலத்துக்கு வந்த நாளிலிருந்து குழுன்னா பக்கத்து வீட்டுக்காரங்க, முகம் தெரிஞ்சவங்க. கர்நாடகாவில் ஸ்திரீ சக்தி, கேரளாவில் குடும்பஸ்ரீன்னு இருக்குது. அங்கே போய்ச் சேரலாம். ஆனா பத்து வருஷம் தவணை தவறாம கட்டின நம்ம பேரு கூட வராது. முதல் சேமிப்பிலிருந்து ஆரம்பிக்கணும்.

பேங்க் கடன் குழு பேரில்தான் இருக்குது. ஒருத்தி சொல்லாம கொள்ளாமப் போனா மத்தவங்கதான் கட்டணும். ஒரு குழுவில் அப்படி எட்டு மாசம் மத்த பெண்கள் பங்கு போட்டுக் கட்டினாங்க. அந்தப் பொண்ணு கெட்டவ இல்லை. அங்கே நான் சொன்ன ரெண்டுங்கெட்டான் மாசத்தில் மாட்டிக்கிட்டா, போன் எடுக்க வெட்கம். பிறகு எல்லாம் அனுப்பிட்டா. போகும்போதே சொல்லியிருந்தா குழுவே தவணையைத் தள்ளி வச்சிருக்கும். எனக்கும் மாட்டுக்கடன் அப்போ 18,000 பாக்கி இருந்தது. மாட்டை வித்தா முதல்ல கடனை முடிச்சுட்டுத்தான் மிச்சத்தைத் தொடணும்னு கணக்குத் தாளில் தலைப்பிலேயே எழுதி வச்சேன்.

அதனால கூட்டமைப்புக்கு என் கோரிக்கை ஒண்ணுதான். யாராவது குடிபோறேன்னு சொன்னா, "சரி, சேமிப்பைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கோ"ன்னு அனுப்பிடாம, அந்தக் கூட்டத்திலேயே உக்கார வச்சு இந்தக் கணக்கைப் போட உதவணும். உள்கடன், பேங்க் கடன் பாக்கி எவ்வளவு, எந்தத் தேதியில் எப்படி அனுப்புவாங்க, ஊர்ல யாரைக் கேட்கணும்ங்கிறதைத் தீர்மான நோட்டில் எழுதிக்கணும். போறவங்களுக்கும் அது பாதுகாப்பு.

எங்க வீட்டில் கடைசியில் என்ன செஞ்சோம்னு கேட்பீங்க. வீட்டுக்காரர் மட்டும் போயிருக்கார், பதினோரு மாசமாச்சு. சைட்டிலேயே தகரக் கொட்டகையில் தங்கறார், வாடகை இல்லை. சாப்பாட்டுக்கு 5,000, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து போக மாசம் 1,200. அதெல்லாம் போக 20,200 வீட்டுக்கு வருது. இங்கே வந்துக்கிட்டிருந்த 17,000-ஐ விட 3,200 கூடுதல், வீட்டில் ஒரு ஆள் சாப்பாடும் குறைவு. மாட்டுக்கடன் முடிஞ்சது.

பணமாப் பார்த்தா இதுதான் மேல். ஆனா நான் மறைக்காமச் சொல்லணும் இல்லையா. சித்திரை வெயிலில் தகரத்துக்கடியில் ராத்திரி தூங்க முடியலைன்னு போன்ல சொல்றார். ஐப்பசி மழையில் மாடு கன்னு போட்டப்போ நானும் அத்தையும்தான் ராத்திரி முழுக்க நின்னோம். பையன் சனிக்கிழமையானா கோரிமேடு வரைக்கும் போய் பஸ்ஸைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். இதுக்கெல்லாம் எந்த வரியில் எவ்வளவுன்னு எழுதறது? என் தாளில் அந்த இடம் காலியாத்தான் இருக்குது.

பொண்ணு பன்னிரண்டு முடிக்கிற வரைக்கும் இப்படியே ஓட்டலாம்னு பேசியிருக்கோம். அப்போ பையன் எட்டாவது முடிச்சிருப்பான், அவனுக்கும் இதே கணக்குத்தான் வரும். வீட்டுக்காரர் அதுவரைக்கும் கொட்டகையில் இருக்க முடியாதுங்கிறார். வர்ற மே மாசம் லீவில் மறுபடியும் தாளை எடுக்கணும்.

அந்தத் தாளை நகல் எடுத்து நம்ம கூட்டமைப்புக் கணக்காளர் தங்கைகிட்ட கொடுத்திருக்கேன். தொகையெல்லாம் எங்க வீட்டுக்கு வந்தது, உங்க வீட்டுக்கு வேற வரும், வரிகளை மட்டும் பார்த்து எழுதிக்கோங்க. வேணுங்கிறவங்க ரேஷன் கார்டைக் கையோட எடுத்துக்கிட்டு வாங்க, எந்தக் குறியீடுன்னு முதல்ல அதைப் பார்த்துடலாம்.